நடைவேகத்தில் கவிழும் கூட்டணி

அச்சங்குளத்தில் இருந்த அந்தப் பட்டாசு கம்பெனிக்குள் எந்த வண்டியும் மனிதன் நடக்கிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. காளிராஜின் மினி லாரியால் அந்த வேகத்தில் போகவே முடியாது. இந்த ஒரு கருத்து வேறுபாட்டைத் தவிர கம்பெனிக்கும் வண்டிக்கும் இடையே வேறு தகராறு எதுவும் கிடையாது.

அன்றைக்கும் திருத்தங்கல் அச்சகத்திலிருந்து மடித்துக் கட்டிய கிப்ட் பாக்ஸ் அட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். கேட்டில் செல்போனை ஒப்படைத்தான். புகைக்குழாயின் முனையில் தீப்பொறியைப் பிடிக்கிற வலைக்கூடு இருப்பதைக் குனிந்து காட்டினான். முதல் கியரில் உருட்டிக்கொண்டு உள்ளே போனான். வேப்பமரத் திருப்பத்தில் வண்டி ஒருமுறை விக்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டி அதைக் கேட்டுக்கொண்டது, ஆனால் நடவடிக்கை ஏதும் எடுக்கவில்லை. இன்னொரு விக்கல். பிறகு மரத்தில் இருந்த காக்கையின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

உள்ளே அணைந்த வண்டியை உள்ளேயே ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பது கம்பெனியின் இன்னொரு விதி. ஸ்டார்ட்டரில் ஒரு பொறி பறந்தால் போதும்; சுற்றியுள்ள கொட்டகைகளில் இருப்பது புண்ணாக்கு அல்ல. எனவே வண்டியைக் கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போக வேண்டும். தள்ளுகிற பொறுப்பு, யாரும் ஒப்படைக்காமலே, பேக்கிங் செக்ஷன் பெண்களிடம் வந்து சேர்ந்திருந்தது. காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்க முடியும் என்கிற வேலையில், காளிராஜின் வண்டி அணைவது ஒன்றுதான் நடுவில் கிடைக்கிற விடுமுறை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்யாண வீட்டுக்குக் கிளம்புவது போல வந்தார்கள்.

"ஏலே காளி, டாங்க்ல டீசல் ஊத்துறியா, நீச்சத்தண்ணி ஊத்துறியா?" என்றாள் அவர்களில் மூத்தவளான முத்துமாரியம்மாள்.

"புதுசா டர்போ வச்சிருக்கேன் பெரியம்மா."

"அதான் பாத்தேன். அம்புட்டு டர்போவும் எங்க கையிலல்லா இருக்கு. தள்ளுங்கடி!"

காளிராஜின் அக்கா ஆவுடைத்தாய் தள்ளவில்லை. அவள் பேக்கிங் செக்ஷனுக்கு சூப்பர்வைசர். தள்ளுகிறவர்களை மேற்பார்வை பார்த்தாள். "ஸ்டீயரிங்க நேராப் பிடிலே. வண்டிதான் செத்துக் கெடக்கு, நீயுமா?"

கேட்டுக்கு வெளியே டீசல் பம்பைக் கையால் நாலு அழுத்து அழுத்திவிட்டுச் சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்டுப்போன பிள்ளை மாதிரி ஒழுங்காக உறுமிக்கொண்டு நின்றது.

பாதுகாப்பு அதிகாரி ஜெமிமா குடையோடு வந்தாள். காளிராஜைவிட வயதில் சின்னவள். சிரிப்பதற்கும் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று நினைக்கிற முகம்.

"காளிராஜ், தீபாவளி சீசன் முழுக்க அட்டை லோடு உங்களுக்குத்தான்னு முதலாளி சொல்லிருக்கார். திங்கக்கிழமை பெரிய லோடு. அன்னைக்கும் உள்ள நின்னுச்சுன்னா வேற வண்டிதான்."

"மேடம், வெளிய எல்லாம் குதிரை மாதிரி ஓடுது."

"உள்ள குதிரைக்கும் அனுமதி இல்ல," என்று சொல்லிவிட்டு அவள் குடையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

சீசன் லோடு கைவிட்டுப் போனால் வண்டியைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும். அது காளிராஜுக்குத் தெரியும். பழைய இரும்புக் கடைக்காரருக்கும் தெரியும். அவர் கொஞ்ச நாளாகக் காளிராஜைப் பார்த்தால் நலம் விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.

அந்த வண்டிக்கு ஊரில் 'கூட்டணி' என்று பெயர். எஞ்சின் ஒரு கம்பெனி, கியர்பாக்ஸ் வேறு கம்பெனி. டீசல் டாங்க் ஏலத்தில் எடுத்த பழைய பஸ்ஸினுடையது. டிரைவர் சீட், சிவகாசியில் ஒரு சலூன் ஏசி போட்டபோது கழித்துவிட்ட நாற்காலி. பின்னால் சாயும், தலை வைக்க இடமும் உண்டு. இத்தனைக்கும் எப்.சி. என்கிற தகுதிச் சான்று எப்படிக் கிடைத்தது என்று யாராவது கேட்டால் காளிராஜ் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான். ஒவ்வொன்றும் அவனே தேடிப் பிடித்துச் சேர்த்தது. கடைசியாக இந்தக் கோடையில் கூட்டணிக்குள் நுழைந்த கட்சிதான், இழுவை கூட்ட எஞ்சினுக்குள் காற்றை அழுத்துகிற டர்போ. அதன் விசிலைக் கேட்பதற்காகவே சாத்தூர் ரோட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓட்டுவான்.

டர்போ வந்த அதே வாரத்தில்தான் சின்னதாக இன்னொரு சம்பவமும் நடந்தது. பஸ் டாங்கின் மூடி கொஞ்சம் லொடலொடவென்று இருக்கும். வளைவில் டீசல் தளும்பிச் சிந்தி, ஒரு லோடு அட்டையில் வாடை ஏறிவிட்டது. ஜெமிமா முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்பினாள். தன் சிபாரிசில் கிடைத்த லோடு திரும்பிப் போனதை ஆவுடைத்தாயால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து மூடியின் மேல் பாலித்தீன் தாளைப் போர்த்தி, கழுத்தைச் சுற்றி பிரவுன் டேப்பை இழுத்து ஒட்டுவது அவளுடைய காலைக் கடன்களில் ஒன்றானது. அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. அக்காவும் தம்பியும் குடியிருக்கும் அந்த வீட்டில் டிவி ரிமோட், ஊறுகாய் பாட்டில், மாமாவின் கல்யாண போட்டோ எல்லாமே அவள் கையால் காற்றுப் புகாமல் ஒட்டப்பட்டவைதான். வாடை நின்றது. லோடு திரும்பி வரவில்லை. வண்டிதான் நிற்க ஆரம்பித்தது.

காளிராஜ் முதலில் போனது மெக்கானிக் ராஜசிங் அண்ணாச்சியிடம். அந்தப் பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது என்று யார் சொன்னாலும் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது டிரைவரின் கஞ்சத்தனத்தைத்தான். அண்ணாச்சியும் விஷயத்தை முழுவதும் கேட்பதற்கு முன்பே டேப்பைக் கிழித்து, பாலித்தீனை வீசி, மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார்.

"டீசல் இருக்கு," என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "அப்பம் டர்போதான். அதக் கழட்டிப் போடுலே."

"அண்ணாச்சி, வேற எதையாச்சும் சொல்லுங்க."

"ஏன்?"

"அது விசில் அடிக்கும் அண்ணாச்சி."

அண்ணாச்சிக்கு இரக்கம் வந்தது. டீசல் பில்டரைக் கழற்றி, ஊதி, தட்டி, மாட்டினார். இருவரும் வண்டியை எடுத்துக்கொண்டு மார்க்கெட் தெருவுக்குள் மாட்டு வண்டிக்குப் பின்னாலேயே ஊர்ந்து போய்ப் பார்த்தார்கள். கூட்டணி ஒரு முனகல்கூட இல்லாமல் நடந்தது. "பில்டர்தாம்லே," என்று அண்ணாச்சி தீர்ப்பு எழுதினார்.

மறுநாள் காலையில் ஆவுடைத்தாய் மூடியைப் பார்த்து, "எவன்லே இதப் பிச்சது?" என்று அலுத்துக்கொண்டு ஒட்டினாள். மத்தியானத்துக்குள் வண்டி ரயில்வே கேட்டுக்கு முன்னால் நின்றது.

இரண்டாவது வைத்தியர் ஸ்ரீராம்குமார். சித்தப்பா மகளைக் கட்டிய வகையில் காளிராஜுக்கு மாப்பிள்ளை முறை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். எஞ்சினோடு பேசக்கூடிய ஒரு கருவியைச் செல்போனில் இணைத்துக்கொண்டு வந்தான். அதைச் செருக வண்டியில் துளை தேடினான். கூட்டணியில் அப்படிப்பட்ட வெளிப்படைத்தன்மை எதுவும் கிடையாது. கடைசியில் கருவியைப் பையில் வைத்துவிட்டு, "மொதல்ல டீசல் இருக்கான்னு பாத்துருவோம் மச்சான்," என்று மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான். பிறகு புகைக்குழாயிடம் போனான்.

"இந்த வலைக்கூடு பூரா கரி. புகை வெளிய போக வழியில்லாம எஞ்சின் மூச்சு முட்டிச் சாகுது. தியரிப்படி இது பேக் பிரஷர்."

"தியரி இருக்கட்டும் மாப்ள. ஓடுமா?"

வலைக்கூட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினார்கள். வண்டி ஓடியது. தெருவில் ஒரு கோழியை முந்தாமல் அதன் பின்னாலேயே போனது. ஸ்ரீராம்குமார் அதை வீடியோ எடுத்து, எஞ்சினின் உளவியல் என்று தலைப்புப் போட்டு ஸ்டேட்டஸில் வைத்தான். மறுநாள் காளிராஜ் சிமெண்ட் ஏற்ற ஆலங்குளம் போனபோது, பேக்டரிக்குத் திரும்புகிற இடத்தில் கூட்டணி கவிழ்ந்தது. ஸ்டேட்டஸ் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவதாக, வேறு வழியில்லாமல், காளியம்மன் கோயில் பூசாரி அய்யாதுரை. அவர் வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார். "கண்ணுதான். டாங்க்ல ஒரு கை தீர்த்தம் ஊத்திருவோம்."

காளிராஜ் குறுக்கே விழுந்தான். "சாமி, டீசல்ல தண்ணி சேந்தா எஞ்சினே போயிரும்!"

"அம்பாள் தீர்த்தத்தயா தண்ணிங்கே?"

நெடுநேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு சமரசம் ஏற்பட்டது. தீர்த்தம் வேண்டாம், மந்திரம் மட்டும் உள்ளே போகலாம். பூசாரி டேப்பைப் பிய்த்து மூடியைத் திறந்து, டாங்கின் வாயருகே குனிந்து, இருமலோடு சேர்த்து ஒரு மந்திரத்தை உள்ளே சொல்லி மூடினார். அன்று முழுவதும் வண்டி, தேர் மாதிரி, நிறுத்தச் சொன்ன இடத்தில் நின்று நகரச் சொன்ன இடத்தில் நகர்ந்தது. அடுத்த நாள் சனிக்கிழமை, கோயில் வாசலிலேயே அணைந்தது.

மூன்று வைத்தியமும் பலித்திருந்தது. காளிராஜுக்கு அதுதான் குழப்பம். ஒன்றாவது பலிக்காமல் இருந்தால் அதைத் தள்ளிவிட்டு மேலே யோசிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மூவரும் அவன் வீட்டு வாசலில் சந்தித்தபோது சண்டை வேறு வந்துவிட்டது.

"நான் பில்டர சரி பண்ணுனேன். பெறகு இவன் கழட்டி என்னமோ பண்ணிட்டான்," என்றார் அண்ணாச்சி.

"உங்க பில்டர் ஒரு நாள்கூட தாங்கல. என் வீடியோ இன்னும் இருக்கு," என்றான் மாப்பிள்ளை.

"ரெண்டு பேரும் வண்டியத் தொட்ட தீட்டுதான் இப்ப முடக்குது," என்றார் பூசாரி.

ஒரு விஷயத்தில் மட்டும் மூவரும் ஒன்றுபட்டார்கள்: டர்போவைக் கழற்ற வேண்டும். காளிராஜ் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை, எதிலும் குறையிருக்கக் கூடாது என்று டாங்கைக் கழுத்து வரை நிரப்பிவிட்டு வந்தான். ஆவுடைத்தாய் அன்றைக்கு முக்கியமான நாள் என்பதால் பாலித்தீனை இரண்டு மடிப்பாகப் போட்டு, டேப்பை நிறைய சுற்று சுற்றி, மேலே சந்தனம் குங்குமம் வைத்தாள். அச்சகத்தில் அட்டைக் கட்டுகளை ஏற்றியதும் அவளும் கேபினில் ஏறி உட்கார்ந்தாள். காளிராஜ் சலூன் நாற்காலியில் சாய்ந்தான். பதற்றமான நாட்களில் அவன் வாங்கிக் குடிக்கிற மாம்பழ ஜூஸ் டப்பா கண்ணாடிக்கு அடியில் நின்றது.

சாத்தூர் ரோட்டில் டர்போ விசில் அடித்தது.

"இதுக்கா அம்புட்டுப் பேரும் கழட்டச் சொல்றாக?" என்றாள் அக்கா. "நல்லாத்தானே இருக்கு, குக்கர் மாதிரி."

அவன் வாழ்நாளில் அக்கா கொடுத்த பாராட்டுகளில் அது பெரியது. அதை அனுபவிக்க நேரம் கிடைக்கவில்லை. பெரிய ரோட்டிலிருந்து கம்பெனிப் பாதையில் திரும்பி வேகத்தைக் குறைத்ததும் விக்கல் ஆரம்பித்தது. மிதித்தான், இழுவை இல்லை. கேட் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், கரிசல் காட்டுக்கு நடுவில் வண்டி நின்றது. கேட்டில் ஒரு குடையும் தெரிந்தது. குடை அவர்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

"வெளியதானலே நின்னுருக்கு. உள்ளன்னுதான அந்தப் பிள்ள சொன்னுச்சு," என்றாள் ஆவுடைத்தாய். அவள் குரலில்கூட நம்பிக்கை கொஞ்சம்தான் இருந்தது.

காளிராஜ் இறங்கினான். அந்த ஊர்க்காரன் அல்லவா, அவனுடைய காலும் தானாக டாங்கிடம்தான் போனது. டீசல் இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தவன், குனிந்தபடியே நின்றுவிட்டான்.

மூடியின் மேல் போர்த்தியிருந்த பாலித்தீன், மூடியின் நடுப்பள்ளத்துக்குள் ஒட்டிக் குழிந்து போயிருந்தது. பல் இல்லாதவர் பீடி இழுக்கும்போது கன்னம் போகுமே, அப்படி. குங்குமப் பொட்டு குழியின் ஆழத்தில் கிடந்தது. காலையில் அக்கா ஒட்டியபோது அது தட்டையாகத்தான் இருந்தது.

சாவியின் முனையால் பொட்டின் பக்கத்தில் ஒரு குத்து குத்தினான். டாங்க் நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. நெடுநேரம் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தவன் மேலே வந்து இழுக்கிற மூச்சு.

காளிராஜுக்கு மூன்று பேரும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். அண்ணாச்சி பில்டரைத் தொடுவதற்கு முன்னால் எதைத் திறந்தார்? மாப்பிள்ளை எதற்குள் டார்ச் அடித்தான்? மந்திரம் எந்த வாய்க்குள் போனது? டாங்கிலிருந்து டீசல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வர வழி அந்த லொடலொட மூடி ஒன்றுதான். அதை அடைத்துவிட்டால், உள்ளே இருக்கிற டீசலை டாங்கே பிடித்துவைத்துக்கொள்ளும். எஞ்சின் வேகமாகச் சுற்றுகிற வரை பம்ப் எப்படியோ உறிஞ்சிவிடுகிறது. மெதுவாகச் சுற்றும்போது அதற்குத் திராணி இல்லை.

ஆனாலும் நாலாவது வைத்தியன் ஆவதில் அவனுக்கு விருப்பமில்லை. பம்பை அழுத்திவிட்டு ஸ்டார்ட் செய்தான். பாதையில் முன்னும் பின்னுமாக நடைவேகத்தில் ஓட்டிப் பார்த்தான், வண்டி விக்கவில்லை. நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, "அக்கா, இறங்கி வா. இந்த ஓட்டைமேல கட்டை விரல வச்சு நல்லா அழுத்து," என்றான்.

"எதுக்குலே?"

"வையி சொல்றேன்."

வைத்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அவள் வெயிலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் எஞ்சினின் சத்தம் தேய்ந்தது. விக்கியது.

"ஏலே, என் வெரல இழுக்குதுலே!"

"எடுத்துரு, எடுத்துரு!"

எடுத்தாள். டாங்க் மூச்சு வாங்கியது, எஞ்சின் நிமிர்ந்தது. ஆவுடைத்தாய் தன் கட்டை விரலையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். விரலில் ஒரு வட்டம் பதிந்திருந்தது.

"அப்பம், டர்போ இல்ல."

"இல்லக்கா."

"நான் ஒட்டுன டேப்பு."

காளிராஜ் ரோட்டோரத்து மஞ்சணத்திச் செடியை ஆராய்ந்தான். அக்காவுக்கு எதிராகச் சாட்சி சொல்லி அந்தக் குடும்பத்தில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டது கிடையாது.

ஆவுடைத்தாய் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். பிறகு, "பாத்தியா, ஒரு பொட்டுக் காத்து போகல," என்றாள். அதில் வருத்தமே இல்லை, அப்பட்டமான பெருமை. "செக்ஷன்ல இருக்கவளுகளும் ஒட்டுறாளுக. எவளாச்சும் ஒரு லாரிய நிப்பாட்டச் சொல்லு பாப்போம்."

"ஒருத்தியாலயும் முடியாதுக்கா."

"ஆனா தெறந்து போட்டா திரும்ப வாடையடிக்கும். ஓட்டையும் வேணும், சிந்தவும் கூடாது. அம்புட்டுத்தான?" அவள் கேபினில் எட்டி அந்த ஜூஸ் டப்பாவை எடுத்தாள். மிச்சம் இருந்ததை ஒரே உறிஞ்சலில் முடித்தாள். மடங்குகிற அந்த ஸ்டிராவை உருவி, முந்தானையில் துடைத்து, ஓட்டையில் சொருகினாள். மேல்முனையை வளைத்துக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டு, சுற்றிலும் மட்டும் டேப் போட்டாள். பட்டாசுக்குத் திரி சொருகுகிற சுத்தம். எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். "எடு வண்டிய."

கேட்டில் ஜெமிமா டாங்க் பக்கமாகக் குனிந்தாள். சந்தனம், குங்குமம், நடுவில் ஆரஞ்சுக் கோடு போட்ட ஸ்டிரா.

"இது என்ன?"

"காத்துப் போற வழி மேடம். அடைஞ்சிருந்துச்சு. அதான் இத்தனை நாளும்..." என்று ஆரம்பித்த காளிராஜ், பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்துவிட்டு, "என்னமோ ஒரு வகையில அடைஞ்சிருந்துச்சு," என்று முடித்தான்.

ஜெமிமா ஸ்டிராவை நெடுநேரம் பார்த்தாள். அவள் உதட்டில் ஏதோ ஒன்று அனுமதி கேட்டு நின்றது, மறுக்கப்பட்டது. "நாளைக்கு ரப்பர் டியூபா மாத்திட்டு வாங்க. உள்ள போங்க. நடைவேகம்."

காளிராஜ் செல்போனைக் கொடுத்துவிட்டு முதல் கியரைப் போட்டான். வேப்பமரத் திருப்பம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டான். கூட்டணி தன் மூச்சை விட்டுக்கொண்டு திரும்பியது. கொட்டகை வாசலில் பேக்கிங் பெண்கள் சேலையைச் செருகி, கைகளைத் துடைத்துத் தயாராக வரிசையில் நின்றிருந்தார்கள். வண்டி அவர்களைக் கடந்து, ஒரு கிழவர் காலை நடை போவது போல, குடோன் வரை போனது. லோடு இறங்கியது. மறுபடி அதே நடையில், அதே திருப்பத்தில், திரும்பி வந்தது.

கைத்தட்டல் வரும் என்று காளிராஜ் எதிர்பார்த்தான். பெண்கள் துக்க வீட்டில் நிற்பவர்களைப் போல நின்றார்கள்.

"என்ன பெரியம்மா, நிக்கலல்லா?" என்று ஜன்னலில் தலையை நீட்டினான்.

"நிக்கலதான்," என்றாள் முத்துமாரியம்மாள். "உனக்கு சீசன் கெடச்சுருச்சு. எங்களுக்கு இனிமே எப்பம்லே வெயிலு படும்?"

அதற்குள் வண்டி நடைவேகத்தில் கேட்டை அடைந்துவிட்டது. ஜெமிமா கையசைத்து, "நாளைக்கும் இதே நேரம்," என்றாள். சீசன் முழுக்கவும் என்று அதற்கு அர்த்தம். காளிராஜ் செல்போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பழைய இரும்புக் கடைக்காரரின் நம்பரை அழித்தான். பெரிய ரோட்டில் ஏறியதும் கண்ணாடியை இறக்கினான். குக்கர் விசில் அடித்தது.

கொட்டகைக்குள் முத்துமாரியம்மாள் தன் இடத்துக்குப் போகாமல் ஆவுடைத்தாயின் மேஜையருகே வந்து நின்றாள். பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"ஆவுடை, உன் டேப்புதான் வண்டிய நிப்பாட்டுச்சுன்னு சொன்னியே, அந்த ஸ்டிராவையும் நீதான சொருகுன?"

"ஆமா. அதுக்கு என்ன?"

"தெனமும் வேண்டாம். பதினஞ்சு நாளைக்கு ஒருக்க, கையில வேலை ரொம்ப இருக்க அன்னைக்கி மட்டும்... நீ எங்கள மாதிரியா? உன் கையில வித்தை இருக்கு தாயி."

ஆவுடைத்தாய் கண்டிப்பான சூப்பர்வைசர். "போய் வேலையப் பாருங்கடி," என்று அதட்டி எல்லோரையும் விரட்டினாள். அவர்கள் உட்கார்ந்து கட்டு கட்டத் தொடங்கிய பிறகு, மேஜை மேல் இருந்த டேப் சுருளை எடுத்து, மெதுவாக அதன் நுனியைத் தேடினாள்.